பழுதை இயந்திரமே கண்டறிந்து சொல்ல வேண்டுமானால் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி சுருக்கமாக இது: ஒரு தொழிற்சாலையில் பம்ப், மோட்டார், விசிறி, கம்ப்ரசர் என்று ஏறத்தாழ 200 சுழலும் இயந்திரங்கள். எல்லாவற்றிலும் சென்சார் பொருத்தி, பழுதை மென்பொருளே கண்டறிந்து, பராமரிப்புப் பிரிவுக்கு ஒர்க் ஆர்டரையும் (வேலை ஆணை) தானே அனுப்பும்படி செய்ய நிர்வாகம் விரும்புகிறது. விற்பனையாளர்கள் ஆளுக்கொரு மென்பொருளைக் காட்டுகிறார்கள். எதை வாங்குவது, எங்கே தொடங்குவது, இதனால் பராமரிப்பு ஆட்களைக் குறைக்க முடியுமா?

வாங்குவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு தாள் எடுத்து நான்கு கட்டம் போடுங்கள். இது எப்படியெல்லாம் பழுதாகும். பழுதாகும் முன் என்ன அறிகுறி காட்டும். அறிகுறி தெரிந்ததிலிருந்து இயந்திரம் நிற்கும் வரை எவ்வளவு காலம் கிடைக்கும். அந்தக் காலத்துக்குள் யார், என்ன செய்வார். நான்காவது கட்டத்தை நிரப்ப முடியாத பழுதுக்குச் சென்சார் வாங்குவது வீண். திரையில் சிவப்பு விளக்கு எரியும், எல்லோரும் பார்ப்பார்கள், இயந்திரம் அதன் போக்கில் நின்றுபோகும். பழுதைக் கண்டுபிடிப்பது இன்று ஓரளவு எளிதாகிவிட்டது. கண்டுபிடித்ததை உரியவரிடம் உரிய நேரத்தில் சேர்ப்பதும், அவர் திறந்து பார்த்து என்ன கண்டார் என்பதை மறுபடி அமைப்புக்குள் கொண்டுவருவதும்தான் கடினம். பெரும்பாலான திட்டங்கள் அங்கேதான் படுத்துவிடுகின்றன.

இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் கருவிக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. எண்ணெய் நிரப்பிய மின்மாற்றிகளில் தொட்டியையும் மேலே உள்ள கன்சர்வேட்டர் என்ற சிறு எண்ணெய்த் தொட்டியையும் இணைக்கும் குழாயில் ஒரு சிறு பெட்டி இருக்கும். மாக்ஸ் புக்கோல்ஸ் 1921-இல் உருவாக்கிய புக்கோல்ஸ் ரிலே அது. மின்மாற்றிக்குள் எங்காவது அளவுக்கு மீறிச் சூடேறினால் எண்ணெய் சிதைந்து வாயுக் குமிழ்கள் மேலேறும். அவை ரிலேயில் சேரச் சேர எண்ணெய் மட்டம் இறங்கி, மேல் மிதவை சாய்ந்து அலாரம் அடிக்கும். உள்ளே பெரிய ஷார்ட் சர்க்யூட் ஆனால் எண்ணெய் குழாயில் பாய்ந்துவந்து கீழே உள்ள தடுப்பைத் தள்ளும், உடனே மின்மாற்றி டிரிப் ஆகும், அதாவது மின்சாரத்திலிருந்து தானாகத் துண்டிக்கப்படும். மெதுவாக வளரும் பழுதுக்கு மனிதரைக் கூப்பிடுகிறது. வேகமான பழுதுக்கு யாருக்காகவும் காத்திருப்பதில்லை. சேர்ந்த வாயுவை எடுத்துச் சோதித்தால் காரணமும் பெரும்பாலும் பிடிபடும். அசிட்டிலின் இருந்தால் உள்ளே மின்பொறி பறந்திருக்கிறது, எத்திலீன் மிகுந்திருந்தால் எண்ணெய் கடுமையாகச் சூடாகியிருக்கிறது. மீத்தேன், எத்திலீன், அசிட்டிலின் மூன்றின் விகிதத்தை வைத்துப் பழுதின் வகையைச் சொல்லும் முக்கோண வரைபடத்தை மிஷெல் டுவால் 1974-இல் வெளியிட்டார், இன்றும் அது பயன்பாட்டில் இருக்கிறது. உங்களிடம் காட்டப்படும் மென்பொருளை இந்தப் பெட்டியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதற்கு அலாரம், எதற்கு டிரிப், காரணத்தை அறியச் சான்று எங்கே என்ற மூன்றுக்கும் அதனிடம் பதில் இருக்கிறதா?

நாள் கணக்குப் பார்த்துச் செய்யும் பராமரிப்பு போதாதா, இத்தனை பாடு எதற்கு என்று உங்கள் ஆலையில் சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனின் கடலோர விமானப் படையில் சி. எச். வாடிங்டனின் குழு பழுதுக் கணக்கை வரைபடமாகப் போட்டுப் பார்த்தது. ஒவ்வொரு 50 மணி நேரப் பரிசோதனைக்குப் பிறகும் எதிர்பாராத பழுதுகள் கூடி, பிறகு மெல்லக் குறைந்தன. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைக் கழற்றி மாட்டியதே புதுப் பழுதுகளைக் கொண்டுவந்திருந்தது. 1978-இல் யுனைடெட் ஏர்லைன்ஸின் ஸ்டான்லி நோலனும் ஹோவர்ட் ஹீப்பும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்குத் தந்த அறிக்கை இதை எண்ணிக்கையில் காட்டியது. அவர்கள் ஆராய்ந்த விமான உறுப்புகளில் 11 விழுக்காடுதான் வயதாக ஆகத் தேய்ந்து பழுதாகும் வகை. 68 விழுக்காடு புதிதாக மாட்டிய தொடக்கத்தில்தான் அதிகம் பழுதாயின. அந்த எண்களை அப்படியே உங்கள் பம்புகளுக்குப் பொருத்தக் கூடாது. விமான உறுப்புகளும் சேற்று நீர் இறைக்கும் பம்பின் சுழல்சக்கரமான இம்பெல்லரும் ஒன்றல்ல. ஆனாலும் நாளைப் பார்ப்பதைவிட நிலையைப் பார்ப்பது ஏன் மேல் என்பதற்கு அது போதும்.

நிலையைப் பார்ப்பதில் எல்லாமே மூன்றாவது கட்டத்தில், அதாவது கிடைக்கும் கால அவகாசத்தில், இருக்கிறது. பேரிங்கில் சிறு செதில் பெயர்ந்ததிலிருந்து அது இறுகிப்போகும் வரை பல வாரங்கள், சில சமயம் மாதங்கள் கிடைக்கும். எண்ணெய் வரத்து நின்றுபோனால் சில நிமிடங்கள். மின்னணு அட்டையில் ஒரு பாகம் செத்தால் அவகாசமே கிடையாது. எவ்வளவு நாளுக்கு ஒருமுறை அளக்க வேண்டும் என்பதைக்கூட இதுதான் முடிவு செய்யும். அவகாசத்தில் பாதிக்குள்ளாவது ஒருமுறை அளந்தால்தான் செயல்பட நேரம் மிஞ்சும். இரண்டு மாதம் முன்பே அறிகுறி காட்டும் ஒரு பழுதுக்கு நொடிக்கு நொடி தரவு எடுப்பதில் பயனில்லை. வாரம் ஒருமுறை கையில் கருவியோடு போய் அளக்கும் ஆளே அங்கே போதும். எங்கே ஆள் போக முடியாதோ, எங்கே அவகாசம் குறைவோ, எங்கே நின்றால் இழப்பு பெரிதோ, நிரந்தரச் சென்சார் அங்கே போகட்டும். அப்படிப் பார்த்தால் உங்கள் 200 இயந்திரங்களில் ஒரு பகுதிக்குத்தான் அது தேவைப்படும்.

இனி, கண்டறிதல் உண்மையில் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். விற்பனையாளர் சொல்வதை எடைபோட இது உங்களுக்கு வேண்டும்.

நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் மோட்டார் விநாடிக்கு 25 முறை சுழலும். எடையில் சமநிலை இல்லாவிட்டால் அதிர்வு அந்த 25 ஹெர்ட்ஸிலேயே ஏறும். மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கின் அலைன்மென்ட் (நேர்கோடு) விலகியிருந்தால் பெரும்பாலும் அதன் இருமடங்கான 50-இலும் அச்சுத் திசையிலும் தெரியும். பேரிங்கில் 9 உருளைகள் இருந்தால், வெளிவளையத்தில் உள்ள பள்ளத்தை அவை விநாடிக்கு ஏறத்தாழ 90 முறை தட்டும், உள்வளையத்தில் என்றால் ஏறத்தாழ 135 முறை. உருளை எண்ணிக்கையை வேகத்தால் பெருக்கி, அதில் 0.4 பங்கு வெளிவளையத்துக்கு, 0.6 பங்கு உள்வளையத்துக்கு என்பது களத்தில் பயன்படும் எளிய கணக்கு. மோட்டாரைத் தொடாமலே, அது இழுக்கும் மின்னோட்டத்தை மட்டும் ஆராய்ந்தும் சிலவற்றைக் கண்டுபிடிக்கலாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 2 விழுக்காடு ஸ்லிப்புடன் (மின்சாரம் உருவாக்கும் சுழல் காந்தப்புலத்தைவிட அவ்வளவு பின்தங்கி) ஓடும் மோட்டாரின் ரோட்டாரில், அதாவது சுழலும் பகுதியில், கம்பி உடைந்தால் 48-இலும் 52-இலும் இரண்டு சிறு முனைகள் எழும். இவையெல்லாம் இயற்பியலிலிருந்து நேராக வருபவை. இவற்றைக் கற்றுக்கொள்ள மென்பொருளுக்கு ஆயிரம் உடைந்த மோட்டார்கள் தேவையில்லை. ஆனால் பேரிங்கின் மாடல் எண், உருளைகளின் எண்ணிக்கை, அளவெடுத்த நேரத்து வேகம் ஆகியவை கட்டாயம் தெரிய வேண்டும். இந்த விவரங்களைக் கேட்காமலேயே பேரிங் பழுதைப் பெயர் சொல்லிக் காட்டுவோம் என்கிறவரிடம் எப்படி என்று கேளுங்கள்.

வரம்பு வைப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அதிர்வுக்கு ஐ.எஸ்.ஓ. 20816 தரம் ஏ, பி, சி, டி என நான்கு மண்டலங்களைத் தருகிறது. ஏ என்பது புது இயந்திரத்தின் நிலை, டி என்பது சேதம் விளைவிக்கும் நிலை. தொடங்குவதற்கு நல்ல அளவுகோல். அதோடு நின்றுவிடாதீர்கள். பேரிங் பழுது தொடங்கும் காலத்தில் மொத்த அதிர்வு பெரும்பாலும் நல்ல மண்டலத்திலேயே இருக்கும், உயர் அதிர்வெண்ணில் மட்டும் சிறு தட்டல்கள் தெரியும். மொத்த அளவு வரம்பைத் தாண்டும்போது பேரிங்கின் ஆயுளில் பெரும்பகுதி முடிந்திருக்கும்.

வரம்பை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2023 பிப்ரவரி 3 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஈஸ்ட் பாலஸ்டைன் என்ற ஊரில் தடம் புரண்ட சரக்கு ரயிலைப் பாருங்கள். தண்டவாளத்தின் ஓரத்தில் பொருத்திய கருவிகள் கடந்து செல்லும் ஒவ்வொரு சக்கரத்தின் பேரிங் வெப்பத்தையும் தானாக அளந்தன. முதல் கருவி, அந்தப் பேரிங் சுற்றுப்புறத்தைவிட 38 பாரன்ஹீட் பாகை கூடுதல் சூடு என்றது. ஏறத்தாழ 17 கிலோமீட்டர் தள்ளி அடுத்த கருவி 103 என்றது. அதற்கு ஏறத்தாழ 31 கிலோமீட்டர் தள்ளி மூன்றாவது 253 என்றது. ரயிலை நிறுத்திப் பார்க்கச் சொல்லும் வரம்பு 170. முதல் இரண்டு எண்களும் அதற்குக் கீழே இருந்ததால் ஓட்டுநர்களுக்கு எச்சரிக்கை எதுவும் போகவில்லை. மூன்றாவது கருவி எச்சரித்து அவர்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும்போதே பெட்டிகள் சரிந்தன. கருவிகள் மூன்றும் வடிவமைத்தபடியே இயங்கின. 38 என்பது 103 ஆனது ரயிலை நிறுத்தும் நடவடிக்கையாக மாறவில்லை, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடைவெளியும் அதிகம். உங்கள் ஆலையில் இதன் பொருள்: ஒவ்வொரு அளவுக்கும் ஒரு வரம்பு வைத்தால், அது ஏறும் வேகத்துக்கும் ஒரு வரம்பு வையுங்கள், ஒரே மாதிரி இயந்திரங்கள் பல இருந்தால் ஒன்றையொன்று ஒப்பிடச் செய்யுங்கள். நான்கு ஒத்த பம்புகளில் ஒன்று மட்டும் விலகினால் அது எந்த வரம்பையும் விட நம்பத்தக்க அறிகுறி.

ஒப்பிடும்போது சுமையும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். வேகம் மாறி ஓடும் பம்பின் இன்றைய அதிர்வை நேற்றைய அதிர்வோடு நேராக ஒப்பிட்டால் கிடைப்பது உற்பத்தித் திட்டத்தின் ஏற்ற இறக்கம்தான்.

இன்னொரு நுணுக்கத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல பொறியாளர்களே இதைத் தவறவிடுகிறார்கள். தானியங்கிக் கட்டுப்பாடு பழுதை மறைக்கும். ஏர் கண்டிஷன் ஆலைகளில் குளிர்நீர் வால்வு முழுவதும் மூடாமல் கசிகிறது என்று வையுங்கள். காற்று தேவைக்கு மேல் குளிரும், உடனே கட்டுப்பாடு சூடேற்றும் வால்வைத் திறந்து ஈடுகட்டும். அறையின் வெப்பநிலை குறித்த இடத்திலேயே நிற்கும், யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். குளிரூட்டலும் சூடேற்றலும் ஒன்றோடொன்று மோதி மின்சாரத்தைத் தின்றுகொண்டிருக்கும், மாதக்கணக்கில். அறை வெப்பநிலையைக் கண்காணிக்கும் எந்த மென்பொருளும் இதைப் பிடிக்காது. கட்டுப்பாடு எவ்வளவு பாடுபடுகிறது என்பதைக் கண்காணித்தால் பிடிபடும்: குளிர்நீர் வால்வுக்கு மூடு என்ற கட்டளை போயிருக்கும்போது காற்றைக் குளிர்விக்கும் காயிலுக்கு முன்னும் பின்னும் காற்றின் வெப்பநிலை வேறுபடுகிறதா? இத்தகைய எளிய விதிகளைத் தொகுத்து அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் ஏர் ஹேண்ட்லிங் யூனிட்டுகளுக்கு (காற்றைப் பதப்படுத்தி அறைகளுக்கு அனுப்பும் இயந்திரங்கள்) ஒரு தொகுதியே உருவாக்கியது. உங்கள் ஆலையிலும் அழுத்தம் மாறாமல் இருக்க வேகம் ஏறிக்கொண்டே போகும் பம்ப், ஓட்டம் மாறாமல் இருக்கத் திறப்பு கூடிக்கொண்டே போகும் வால்வு என்று கட்டாயம் இருக்கும். பெரும்பாலும் அந்தத் தரவு இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கணினியான பி.எல்.சி.-யில் ஏற்கெனவே இருக்கிறது, புதுச் சென்சார் ஒன்றுகூடத் தேவையில்லை. நானாக இருந்தால் இங்கேதான் தொடங்குவேன்.

சென்சாரும் ஓர் இயந்திரம்தான், அதுவும் பழுதாகும். சென்சாரின் அளவை மின்னோட்டமாகக் கொண்டுவரும் 4–20 மில்லிஆம்பியர் கம்பியில் பூச்சியத்துக்குப் பதில் 4-இலிருந்து தொடங்குவதே, கம்பி அறுந்ததையும் பூச்சிய அளவையும் பிரித்தறியத்தான். 3.6-க்குக் கீழோ 21-க்கு மேலோ போனால் சென்சார் பழுது என்று தொழிற்சாலைக் கருவிகளுக்கான நாமூர் அமைப்பின் என்.ஈ. 43 பரிந்துரை வகுத்திருக்கிறது. இதை முதல் நாளே அமையுங்கள். மணிக்கணக்கில் துளியும் அசையாத அளவு, ஒரே தாவலில் இரட்டிப்பான அளவு ஆகியவற்றையும் இயந்திரத்தின் கணக்கில் சேர்க்கும் முன் சென்சாரின் கணக்கில் சோதிக்க வேண்டும். கட்டளையையும் நிலையையும் குழப்பிக்கொள்வது இன்னும் ஆபத்து. 1979 மார்ச் 28 அன்று திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில், அழுத்தம் விடுவிக்கும் வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறை விளக்கோ அது மூடிவிட்டதாகக் காட்டியது. மூடும்படி கட்டளை போனதை மட்டுமே அந்த விளக்கு காட்டும்படி அமைத்திருந்தார்கள். வால்வு உண்மையில் எங்கே நிற்கிறது என்று அது பார்க்கவில்லை. உங்கள் திரைகளில் ஓடுகிறது, மூடியது என்று காட்டும் ஒவ்வொன்றையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை சரிபாருங்கள்.

அடுத்து அலாரம். 95 விழுக்காடு துல்லியம் என்று விற்பனையாளர் சொல்வதாக வையுங்கள்: பழுதானவற்றில் 95 விழுக்காட்டைப் பிடிக்கும், நல்லவற்றில் 5 விழுக்காட்டைத் தவறாகப் பழுது என்னும். உங்கள் 200 இயந்திரங்களில் இன்று 2-இல் உண்மையாகவே பழுது தொடங்கியிருக்கிறது. அந்த இரண்டும் பிடிபடும். மீதி 198-இல் ஏறத்தாழ 10 தவறாகச் சிவக்கும். 12 அலாரத்தில் 10 பொய். இதே கணக்கு நாள்தோறும் ஓடினால், இரண்டாவது வாரத்தில் ஃபிட்டர் (இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்) திரையைப் பார்ப்பதை நிறுத்துவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆகவே ஒரே அளவை வைத்து அலாரம் அடிக்கக் கூடாது: தொடர்ந்து மூன்று அளவீடுகளில் தெரிய வேண்டும், முடிந்தால் வேறு ஓர் அறிகுறியும் ஒத்துப்போக வேண்டும். அலாரம் எழும் அளவும் அடங்கும் அளவும் வேறுவேறாக இருந்தால் வரம்பின் விளிம்பில் விட்டுவிட்டு அடிப்பது நிற்கும்.

அலாரம் பெருகுவது தொல்லை என்பதோடு முடிவதில்லை. 1994 ஜூலை 24 அன்று வேல்ஸின் மில்ஃபோர்டு ஹேவன் சுத்திகரிப்பு நிலையத்தில் வெடிப்பு நிகழ்ந்தது. அதற்கு முந்தைய ஏறத்தாழ 11 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்கள்முன் 275 அலாரங்கள் எழுந்தன. எது முக்கியம் என்று பார்க்க மனித மூளைக்கு அங்கே வாய்ப்பே இல்லை. அதன் பிறகு அலாரங்களை நிர்வகிக்க வந்த ஈ.ஈ.எம்.யூ.ஏ. 191 வழிகாட்டியும் ஐ.எஸ்.ஏ. 18.2 தரமும், சாதாரண நேரத்தில் ஓர் ஆபரேட்டருக்கு 10 நிமிடத்துக்கு ஓர் அலாரம் என்பதை ஏற்கத்தக்க அளவாக வைக்கின்றன. யாரும் எதுவும் செய்ய வேண்டாத ஒன்று அலாரமே ஆகாது என்பது அவற்றின் அடிப்படை விதி. அது பதிவேட்டில் இருக்கட்டும், யாரையும் எழுப்ப வேண்டாம்.

ஒரு மூலப் பழுது பல அலாரங்களாக வெடிப்பதையும் அடக்க வேண்டும். குளிர்நீர் நின்றால் அதை நம்பியிருக்கும் பத்து இயந்திரங்களும் சூடு சூடு என்று கத்தும். எது எதற்கு நீர் தருகிறது, எது எதற்கு மின்சாரம் தருகிறது என்ற உறவுப் பட்டியல் மென்பொருளுக்குத் தெரிந்தால் பத்தையும் ஒன்றின்கீழ் கட்டிவிடும். இந்தப் பட்டியலை யாரும் விற்க மாட்டார்கள். உங்கள் ஆட்கள் உட்கார்ந்து எழுத வேண்டியது.

இப்போது அறிக்கை. காய்ச்சல் எப்படி நோயின் பெயராகாதோ, அப்படித்தான் பழுதுக் குறியீடும். கார்களில் பி0171 என்ற குறியீடு, எரிபொருளோடு ஒப்பிட்டால் காற்று அதிகம் என்று சொல்கிறது. காற்றுக் குழாயில் விரிசலா, எரிபொருள் அழுத்தம் குறைவா, காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்கா என்று அது சொல்லாது. குறியீட்டைப் படித்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுகிற மெக்கானிக் நல்ல சென்சாரைக் குப்பையில் போடுகிறார். ஆனால் 1996 முதல் அமெரிக்கக் கார்களில் கட்டாயமான, பழுதைத் தானே கண்டறியும் ஓ.பி.டி. 2 அமைப்பில் ஒரு நல்ல பழக்கம் உண்டு: குறியீடு எழுந்த கணத்தில் இன்ஜின் வேகம், சுமை, வெப்பநிலை எல்லாம் உறைந்த படம்போல் சேமிக்கப்படும். உங்கள் அமைப்பிலும் அலாரத்துக்கு முன்னும் பின்னும் சில நிமிடத் தரவு அறிக்கையோடு ஒட்டி வர வேண்டும்.

விமானத் துறை இதில் வெகுதூரம் போயிருக்கிறது. பறந்துகொண்டிருக்கும்போதே ஏகார்ஸ் என்ற விமான–தரை செய்தி இணைப்பு வழியாகப் பழுதுச் செய்தி தரைக்கு வரும், விமானம் இறங்கும்போது உதிரி பாகத்தோடு ஆள் நிற்பார். அங்கும் செய்தி அறிகுறியைத்தான் சொல்லும். 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447 தன் கடைசி நிமிடங்களில் 24 பராமரிப்புச் செய்திகளை அனுப்பியது. வேகத்தை அளப்பதில் கோளாறு என்பது அவற்றிலிருந்து தெரிந்தது. காக்பிட்டில் என்ன நடந்தது என்பதற்கு, 2011-இல் கடலடியிலிருந்து பதிவுப் பெட்டிகள் மீட்கப்படும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஃபிட்டர் கையில் போய்ச் சேரும் அறிக்கை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி எழுதிக் காட்டுகிறேன்:

"குளிர்நீர் பம்ப் 3, மோட்டார் என்.டி.இ. பேரிங் (பம்போடு இணையாத முனை). வெளிவளையத் தட்டல் 12 நாளாகத் தெரிகிறது; இதே சுமையில் முன்பு இருந்ததைப்போல 3 மடங்கு. மொத்த அதிர்வு வரம்புக்குள். வெப்பநிலையில் மாற்றம் இல்லை. முதல் ஐயம்: வெளிவளையத்தில் பள்ளம். இரண்டாவது: கிரீஸ் குறைவு. கிரீஸ் வைத்து, ஒரு மணி நேரத்திலும் மறுநாளும் அளக்கவும். குறைந்து மறுபடி ஏறினால் பேரிங் பழுது. இந்த வேகத்தில் ஏறினால் அடுத்த திட்டமிட்ட ஷட்டவுன் வரை தாங்கும். ஸ்பேர்: ஸ்டோரில் 1."

எந்த இடம், என்ன மாறியது, எப்போதிலிருந்து, எது மாறவில்லை, என்ன ஐயம், எப்படி உறுதி செய்வது, எவ்வளவு காலம் பொறுக்கும். மாறாதவற்றைச் சொல்வதை விட்டுவிடாதீர்கள். அனுபவமுள்ள ஃபிட்டர் அதிலிருந்துதான் பாதிக் காரணங்களைத் தள்ளுவார். "அனாமலி ஸ்கோர் 0.87" என்று விலகலின் அளவை மட்டும் எண்ணாகச் சொல்லும் அறிக்கை அவருக்கு எந்தப் பயனும் தராது.

தானாக ஒர்க் ஆர்டர் போடும் வசதியை முதல் ஆண்டு அணைத்து வையுங்கள். அமைப்பு அறிவிப்பை மட்டும் எழுப்பட்டும், ஒரு மனிதர் பார்த்து ஒர்க் ஆர்டராக மாற்றட்டும். ஒரு பழுதுக்கு ஏற்கெனவே அறிவிப்பு திறந்திருந்தால் புதிது உருவாகாமல் அதிலேயே சேர வேண்டும். இல்லாவிட்டால் ஒரே பேரிங்குக்கு முப்பது அறிவிப்புகள் குவியும். எந்த வகைப் பழுதில் அறிவிப்புகள் தொடர்ந்து உண்மையாகின்றனவோ, அந்த வகைக்கு மட்டும் தானியங்கி ஒர்க் ஆர்டரைத் திறந்துவிடுங்கள். இயந்திரத்தை டிரிப் செய்யும் பாதுகாப்பு அமைப்பு இதிலிருந்து முற்றிலும் தனியாக இருக்க வேண்டும். இயந்திரப் பாதுகாப்புக்கான ஏ.பி.ஐ. 670 தரம் பெரிய டர்பைன், கம்ப்ரசர்களுக்கு அப்படியொரு தனி அமைப்பைத்தான் வகுக்கிறது. கணிக்கும் மென்பொருள் அடிக்கடி மாறும், புதுப்பிக்கப்படும், நின்றும் போகும். உயிரும் இயந்திரமும் அதை நம்பி இருக்கக் கூடாது.

அறிக்கை போய்விட்டது, வேலை முடிந்தது. பிறகு என்ன எழுதப்படுகிறது? பெரும்பாலான ஆலைகளில் "சரி செய்யப்பட்டது" என்ற இரண்டு சொற்கள். இங்கேதான் எல்லாம் வீணாகிறது. எண்ணெய், எரிவாயுத் துறையில் பழுதுத் தரவைப் பதிவதற்கான ஐ.எஸ்.ஓ. 14224 தரம் மூன்றைப் பிரித்துக் கேட்கிறது: எப்படிப் பழுதானது, உடலில் என்ன நடந்தது, ஏன் நடந்தது. பம்ப் கசிந்தது, மெக்கானிக்கல் சீல் முகம் வெடித்திருந்தது, பம்ப் நீரில்லாமல் ஓடவிடப்பட்டது. இந்த மூன்று வரி இருந்தால் அடுத்த முறை அமைப்பு கசிவைத் தேடாது, நீரில்லாமல் ஓடுவதைத் தேடும். கழற்றிய பேரிங்கை வீசாமல் வெட்டிப் பாருங்கள், படம் எடுத்து அறிவிப்போடு இணையுங்கள். திறந்து பார்த்தபோது பழுதே இல்லை என்றால் அதையும் தயங்காமல் எழுத இடம் கொடுங்கள்; அப்படி எழுதியவரை யாரும் கடிந்துகொள்ளாமல் பார்த்துக்கொள்வது மேலாளரின் வேலை.

தவறவிட்டதையும் எண்ண வேண்டும். ஒவ்வொரு பிரேக்டவுனுக்குப் பிறகும் அமைப்பு இதை முன்பே சொன்னதா என்று கேளுங்கள். கணினி ஹார்ட் டிஸ்குகளில் தன் நிலையைத் தானே கண்காணித்துச் சொல்லும் ஸ்மார்ட் என்ற வசதி உண்டு. 2007-இல் கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளின் தரவை வெளியிட்டபோது, செத்துப்போனவற்றில் 56 விழுக்காட்டில் முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றுகூடத் தெரிந்திருக்கவில்லை. அதே ஆய்வில், தன் பரப்பைத் தானே சோதிக்கும்போது முதல் பிழை (ஸ்கேன் பிழை) தெரிந்த டிஸ்க் அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு. அறிகுறி வந்தால் நம்பலாம், வராவிட்டால் நிம்மதி கொள்ள முடியாது. அதனால் மாற்று இயந்திரமும் ஸ்பேரும் வைத்திருப்பதை, கண்காணிப்பு வந்துவிட்டது என்று கைவிடாதீர்கள்.

செயற்கை நுண்ணறிவு பற்றிக் கேட்பீர்கள். ஓர் ஆலையில் ஒரே வகைப் பழுது ஆண்டுக்கு ஓரிரு முறைதான் நிகழும், கற்றுக்கொள்ள அது போதாது. ஆகவே நல்ல நிலையைக் கற்றுக்கொண்டு அதிலிருந்து விலகுவதைச் சொல்லும் முறைகளே உங்களிடம் வரும். அவை பயனுள்ளவை, சந்தேகமில்லை. ஆனால் புது மூலப்பொருள், பருவ மாற்றம், ஆபரேட்டர் மாற்றம் எல்லாமே விலகல்தான். கற்றுக்கொடுத்த காலத்தில் இயந்திரம் ஏற்கெனவே பழுதாக இருந்தால் அந்தப் பழுதே நல்ல நிலையாகப் பதிந்துவிடும். மீதி ஆயுள் 43 நாள் என்று ஒற்றை எண் சொல்லும் மென்பொருளிடம், எத்தனை நாள் முன்பின் ஆகலாம் என்று கேளுங்கள். ஒப்பந்தத்தில் ஒன்றை உறுதியாக எழுதி வாங்குங்கள்: கச்சா அதிர்வுத் தரவு உங்களுடையது, நீங்கள் விரும்பும் வடிவில் எடுத்துக்கொள்ளலாம். அது அவர்களிடமே தங்கிவிட்டால் மூன்று ஆண்டுக்குப் பின் வேறு இடம் போக முடியாது.

ஆட்களைப் பற்றி. முதல் ஆண்டில் வேலை கூடும், குறையாது. மறைந்திருந்த பழுதுகள் ஒன்றாக வெளியே வரும், பொய் அலாரங்களைக் களைய வேண்டும், உறவுப் பட்டியல் எழுத வேண்டும். அதன்பின் நள்ளிரவு பிரேக்டவுன்கள் குறைந்து, பகலில் திட்டமிட்டுச் செய்யும் வேலை கூடும். குறைக்க நினைத்தால் வெளி ஒப்பந்த அவசர வேலையையும் மிகைநேரத்தையும் குறைக்கப் பாருங்கள். காதை வைத்துப் பேரிங்கின் நிலையைச் சொல்லும் மூத்த ஃபிட்டரை அனுப்பிவிடாதீர்கள். தாளில் முதல் இரண்டு கட்டங்களை நிரப்பப்போவதும், அறிவிப்பைப் பார்த்து இது உண்மை, இது பொய் என்று பிரிக்கப்போவதும் அவர்தான். நின்றால் உற்பத்தி நிற்கும் பத்துப் பதினைந்து இயந்திரங்களைத் தேர்ந்தெடுத்து, பி.எல்.சி.-யில் ஏற்கெனவே உள்ள தரவோடு, அவரை அருகில் வைத்துக்கொண்டு இந்த மாதமே அந்தத் தாள்களை எழுதத் தொடங்கலாம். விற்பனையாளரை அழைப்பது அதற்குப் பிறகு போதும்.